சுழி தெரிகிற திரை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நூலகத்துக்கும் கணினி அறைக்கும் சங்கத்து சார்பா மானிட்டர் வாங்கித் தரப் போறோம். எது வாங்கலாம்னு மேடையிலயே சொல்லிடுங்க. வீட்டுக்கு வாங்கறவங்களுக்கும் உதவும்" என்றார். பாட்டுக் கச்சேரிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே மானிட்டரைப் பற்றிப் பேசுகிற தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கடைக்காரன், விற்கத்தான் பேசுகிறான் என்றும் நினைக்க வேண்டாம். நான் இப்போது மானிட்டர் விற்பதில்லை. பழுது பார்ப்பதோடு சரி.

விளம்பரத்தைப் பார்த்தால் மானிட்டர் என்பது கார் பந்தயம் ஓட்டுவதற்கும் பனிமலை பார்ப்பதற்கும்தான் என்று தோன்றும். நம் ஊரில் அதில் என்ன ஓடுகிறது? அரிசி ஆலைக் கணக்கு. கரும்புப் பதிவு. பட்டா, சிட்டா. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர். கொஞ்சம் பேர் வீட்டில் உட்கார்ந்தபடி பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறார்கள். இதில் முக்கால்வாசி எழுத்து. அதிலும் பாதிக்கு மேல் தமிழ் எழுத்து. அப்படியென்றால் மானிட்டர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் தமிழ் சிறிய எழுத்தில் ஒழுங்காகத் தெரியுமா என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டு மானிட்டர் வாங்கியவரை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்களில் பலர் படித்தபோது இது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது. மாவட்டம் வந்தால் அலுவலகம் வரும்; அலுவலகம் வந்தால் மனு எழுதுகிறவர், தட்டச்சு செய்கிறவர், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை எல்லாம் கூடவே வரும். இந்த மேசைகளில் தினமும் எத்தனை பேருடைய பெயர் ஏறுகிறது என்று யோசியுங்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்தும் கரியாலூர்ப் பக்கத்திலிருந்தும் சாதிச் சான்றிதழுக்காக, வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருகிறார்கள். கீதா என்பது கிதா என்று ஏறிவிட்டால், புல எண் 8 என்பது 3 என்று பதிவாகிவிட்டால், அந்த அம்மா மறுபடி பஸ் ஏற வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றால் பிள்ளைக்கு உதவித்தொகை நிற்கும். தட்டச்சு செய்தவருக்குக் கவனம் போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் முன்னால் இருக்கிற திரையில் கி-யும் கீ-யும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று யாராவது குனிந்து பார்த்ததுண்டா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணிதத் துறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரை என்பது புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்கிறோமே, அது. நம் கண்ணிலிருந்து மானிட்டர் சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் சிரமப்படாமல் வாசிக்க எழுத்தின் உயரம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் இருப்பது நல்லது. இப்போது கீ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி-க்கும் அதற்கும் உள்ள ஒரே வித்தியாசம் மேலே இருக்கிற சின்னச் சுழி. அந்தச் சுழி எழுத்து உயரத்தில் கால் பங்குகூட இருக்காது. சுழி என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் மேல் கோட்டுக்கு ஒரு புள்ளி, நடுவில் ஓட்டைக்கு ஒரு புள்ளி, கீழ்க் கோட்டுக்கு ஒரு புள்ளி, ஆக மூன்று புள்ளியாவது வேண்டும். மூன்று புள்ளிக்கு இடம் இல்லையென்றால் ஓட்டை அடைந்துபோய் வெறும் மை திட்டாகிவிடும். எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் நிறத்தில் மழுப்பிக் கம்ப்யூட்டர் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. ஆனாலும் இல்லாத புள்ளியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறைய இருப்பது பதினெட்டரை இன்ச் மானிட்டர். 1366-க்கு 768 புள்ளி. ஒரு இன்ச்சுக்கு 85 புள்ளிதான் வரும். மூன்றரை மில்லிமீட்டர் எழுத்துக்கு 11 அல்லது 12 புள்ளி. சுழிக்கு மூன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆங்கில 'ஏ'-வுக்கோ 'எச்'-சுக்கோ இது தாராளம். அதனால்தான் ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர், "எனக்கு நல்லாத்தானே சார் தெரியுது" என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். மேலே கொக்கி, கீழே வால், தலையில் புள்ளி என்று மூன்று அடுக்காக இருக்கிற எழுத்து நம்முடையது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. துதிக்கை வைத்த பழைய லை-யை இந்தச் சின்னப் புள்ளிகளில் காட்டுவதை நினைத்தால் எனக்கு இப்போதே தலை சுற்றுகிறது. கம்ப்யூட்டர் மேசைக்கு வருவதற்கு முன்பே அந்த மாற்றம் வந்தது நம் நல்ல காலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். பிறகு யூனிகோடு பரவலானது. இவ்வளவும் எழுத்தை உள்ளே அனுப்புவதற்கான ஏற்பாடு. எழுத்து வெளியே தெரிவதற்கு எந்தத் திரை வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம். பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரிப்பன் மங்கினால் மாற்றச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் நாம்!

சரி, எது வாங்குவது? 1920-க்கு 1080 என்கிற ஃபுல் எச்.டி. மானிட்டரே 22 இன்ச்சிலும் கிடைக்கிறது, 24-லும் 27-லும் கிடைக்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றே. 22-ல் இன்ச்சுக்கு 102 புள்ளி, 24-ல் 92, 27-ல் 82. பார்த்தீர்களா? பெரிசு வாங்கினால் நன்றாகத் தெரியும் என்று 27 இன்ச் ஃபுல் எச்.டி. வாங்குகிறவர், அந்தப் பழைய பதினெட்டரை இன்ச்சைவிடச் சொரசொரப்பான திரையைக் காசு கொடுத்து வாங்குகிறார். எழுத்து பெரிதாகும், உண்மை. அந்தத் திரைக்குத் தள்ளி உட்கார்ந்தால் சரியாகவும் இருக்கும். ஆனால் நம் வீட்டு மேசையில் தள்ளி உட்கார இடம் எங்கே?

27 இன்ச்தான் வேண்டும் என்கிறவர்கள் 2560-க்கு 1440 புள்ளி உள்ளதை வாங்குங்கள். இன்ச்சுக்கு 109 வரும். கை கொஞ்சம் தாராளம் என்றால் 4-கே. அதில் 163 புள்ளி. மூன்றரை மில்லிமீட்டர் எழுத்துக்கு 22 புள்ளி. கீ-யின் சுழி அச்சடித்த புத்தகத்தில் இருப்பதுபோல் நிற்கும். ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். 4-கே திரையில் எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்துத்தான் வேலை செய்ய முடியும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய தமிழ் மென்பொருளையும் கணக்கு மென்பொருளையும் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெருக்கலில் எழுத்து கலங்கிப் போகும். அவர்களுக்கு 22 அல்லது 24 இன்ச் ஃபுல் எச்.டி.யே நல்லது. இன்னொன்று, பழைய கம்ப்யூட்டரின் எச்.டி.எம்.ஐ. வழியே 4-கே படம் நொடிக்கு 30 முறைதான் வரும். மவுஸ் சேற்றில் நடக்கிற மாதிரி இழுக்கும். அப்புறம் மானிட்டர் மேல் பழி போடுவார்கள்.

32 இன்ச் டி.வி.யை மானிட்டராக மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அண்ணே, மானிட்டர் விலைக்கே டி.வி. கிடைக்குது, பாட்டும் கேட்கலாம்" என்பார்கள். விலை குறைந்த 32 இன்ச் டி.வி.யில் பல 1366-க்கு 768 புள்ளிதான். இன்ச்சுக்கு 49! மூன்றரை மில்லிமீட்டர் எழுத்துக்கு 7 புள்ளி. சுழியைத் தேட வேண்டியதே இல்லை, இருக்காது. பத்தடி தள்ளிக் கட்டிலில் படுத்தபடி படம் பார்க்கச் செய்த பொருள் அது. மேசையில் வைத்துச் சான்றிதழ் அடிக்கக் கூடாது.

அடுத்தது உயரம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய 17 இன்ச் சதுர மானிட்டரின் படம் 27 சென்டிமீட்டர் உயரம். அதை எடுத்துவிட்டுப் புதுசு, பெருசு என்று பதினெட்டரை இன்ச் அகலத் திரை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 23 சென்டிமீட்டர். அகலம் கூடியது, பக்கத்தில் வரிகள் குறைந்தன. பழைய உயரம் மறுபடி வேண்டுமானால் 22 இன்ச்சுக்குப் போக வேண்டும். ஒரு ஏ-4 தாள் 29.7 சென்டிமீட்டர் உயரம். 24 இன்ச் என்று விற்கிற மானிட்டரும் கிட்டத்தட்ட அதே உயரம். மேலேயும் கீழேயும் பட்டைகள் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டாலும், முழு மனுவையும் ஏறக்குறைய அசல் அளவில் ஒரே பார்வையில் பார்க்கலாம். 1920-க்கு 1200 என்று கொஞ்சம் உயரம் கூடிய 24 இன்ச் கிடைத்தால் இன்னும் விசேஷம். டி.டி.பி. வேலை செய்கிறவர்கள் நிமிர்த்தி நிறுத்துகிற ஸ்டாண்டு உள்ளதைப் பாருங்கள். நீளமான போஸ்டருக்கு அதைப்போல வசதி கிடையாது.

இப்போது என் வயதுக்காரர்களுக்கு. நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது. ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டாம், இங்கே யாரும் பெண் பார்க்க வரவில்லை. வாசிக்கிற கண்ணாடியைப் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, அதாவது சுமார் 40 சென்டிமீட்டருக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். மானிட்டரோ 60, 65 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதனால்தான் நாம் கழுத்தை முன்னால் நீட்டி, தாடையை மேலே தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே பார்க்கிறோம். சாயங்காலம் பிடரி வலிக்கிறது. பிறகு தைலம் தேய்க்கிறோம். மருத்துவரிடம் போகுமுன் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். "இந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி வேணும்" என்று சொல்லுங்கள். புதிய மானிட்டரைவிடக் குறைந்த செலவில் பல பேருடைய சிரமம் அதிலேயே தீர்ந்துபோகும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டு ஏறி இறங்காத மாடலாக இருந்தால் பழைய டெலிபோன் டைரக்டரி இருக்கிறது; அதற்கு வேறு உபயோகமும் இல்லை.

மேசை ஆழம் இரண்டடிதான் என்றால் அது 60 சென்டிமீட்டர். ஸ்டாண்டின் பாதம் அதில் ஒரு சாணைத் தின்றுவிடும். பின்பக்கம் நான்கு திருகு ஓட்டை, 100-க்கு 100 மில்லிமீட்டரில் உள்ள மானிட்டராக வாங்கினால் சுவரில் மாட்டிவிடலாம், மேசை மிச்சமாகும்.

பேனல் வகையில் ஐ.பி.எஸ். என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் எட்டிப் பார்த்தாலும் நிறம் மாறாது. மனு கொடுக்க வந்தவர் தன் பெயரைத் தானே சரிபார்க்க வேண்டுமே, அதற்கு இது முக்கியம். பழைய டி.என். வகையில் ஓரத்திலிருந்து பார்த்தால் வெளுத்துப் போகும். வி.ஏ. வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், சினிமாவுக்கு நல்லது. 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ், ஒரு மில்லிசெகண்ட் என்பதெல்லாம் விளையாடுகிற தம்பிகளுக்கு. தட்டச்சுக்கு 60 போதும். இப்போது சாதாரண மாடல்களிலேயே 100 வருகிறது, வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகப் புள்ளியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நீல ஒளிக் கண்ணாடி பற்றி மாணவிகள் இருவர் காலையில் கேட்டார்கள். 2023-ல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கண் அயர்ச்சிக்கு அந்தக் கண்ணாடியால் குறுகிய காலத்தில் அநேகமாகப் பலனில்லை என்றே முடிவு சொன்னது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. கண் காய்வதற்குப் பெரிய காரணம் அதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். காசில்லாத வைத்தியம். ஆனால் ஜன்னல் திரைக்கு நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தெருவாசலைப் பார்த்து மானிட்டரை வைத்தால் மத்தியானம் அதில் தெருதான் தெரியும். பளபளப்பான முகம் உள்ளதை விட்டு, மங்கலான முகம் உள்ளதாக வாங்குங்கள்.

கரண்ட் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பழைய பெட்டி மானிட்டர் 70, 80 வாட் இழுத்தது. இப்போதைய 24 இன்ச் 20 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும். சின்ன யு.பி.எஸ். போதும். பயப்பட வேண்டியது வாரண்டி. மூன்று வருட வாரண்டி என்று அட்டையில் இருக்கும். பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் சேலத்துக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது அட்டையில் இருக்காது. நம் ஊர் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்டதற்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. "பெருசுக்கு வரி ஜாஸ்தி" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மாணவர்கள் கையில் காசு குறைவு, தெரியும். வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் எச்.டி.எம்.ஐ. ஒயரில் ஒரு மானிட்டரை மாட்டலாம். சென்னை ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்த மானிட்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஏறி இறங்குகிற ஸ்டாண்டுடன் அருமையான 24 இன்ச் அதில் கிடைக்கும். முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து மஞ்சள் திட்டு இருக்கிறதா, முழுக் கறுப்பைத் திறந்து ஓரம் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, திரைக்கு முன்னால் பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா விட்டு விட்டுப் பல பேனாவாகத் தெரிந்தால் அந்தத் திரை மினுக்குகிறது, தலைவலிக்காரர்களுக்கு ஆகாது.

கல்லூரிக்கு என் யோசனை: கணினி அறைக்கு 22 இன்ச் ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ்., சுவரில் மாட்டுகிற ஓட்டை உள்ளது. அங்கே மேசை குறுகல். நூலகத்துக்கு ஒன்றாவது 27 இன்ச் 4-கே. பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்க அந்தப் புள்ளி வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, பதினெட்டரை இன்ச்சை மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். இந்த அறையில் தட்டச்சுப் பழகுகிற பிள்ளைகள்தான் நாளைக்கு இ-சேவை மையத்தில் உட்காரப் போகிறார்கள்.

கிடங்கில் கிடக்கிற பழைய பெட்டி மானிட்டர்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ஐயா. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்தால் மண்ணில் சேரும். அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர்களோடு கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வராந்தாவில் இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறேன். ஒன்று பதினெட்டரை இன்ச், ஒன்று 22. இரண்டிலும் ஒரே பெயர்ப் பட்டியல், ஒரே அளவு எழுத்து. சாப்பிடப் போகும் வழிதான். வரும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.